அப்பா, அண்ணி வந்திருக்காங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றால் சிரித்துக்கொண்டிருந்த ஆள்தான் நானும். ஆனால் அன்று இருட்டிய நேரத்தில் அந்த வீட்டில் நான் இருந்தேன். என் காதால் கேட்டேன். என் விரலை ஒரு மனிதனின் வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். கூட்டிச் சொல்ல எனக்கு அவசியமே இல்லை. நடந்ததே போதும்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். மறதி நோய் வந்தவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு பெட்டி செய்கிறோம். சின்ன கம்பெனி. பெட்டியில் ஒரு திரை, ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் கூப்பிட்டால் திரை தானே திறந்துகொள்ளும். பெரியவர் எதையும் அழுத்த வேண்டாம். யாராவது அறைக்குள் வந்தால் முகத்தைப் பார்த்து, வந்தது யார் என்று பெட்டியே சொல்லும். 'யார் இந்த ஆள்?' என்று அவர் தவிக்க வேண்டாம் அல்லவா?

கேமரா விவகாரம் எல்லாம் வாத்து பார்த்துக்கொள்வான். நடை அப்படி, அதனால் அந்தப் பெயர். பெட்டி என்ன பேச வேண்டும் என்பது என் பொறுப்பு. "ஞாபகம் இருக்கா?" என்று அது கேட்கவே கூடாது. அந்த ஒரு கேள்வியில் மனிதர் கூனிக் குறுகிப் போவார். வாக்கியங்களை நான் எழுதிக் கொடுப்பேன். வீட்டு ஆள் ஒருவர் தன் குரலில் பேசிப் பதிவு செய்வார். பழகிய குரல் என்றால் பயம் வராது.

அந்த வீட்டுக்குப் பெட்டி வாங்கியது மகள். வேறு ஊரில் நர்ஸ். அப்பா அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். அப்பாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, ஒரு வருஷத்துக்கு முன்பு சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டாளாம். அதற்குப் பிறகு அப்பாவிடம் போனில் பேசக்கூட அண்ணன் விடுவதில்லை. அதனால்தான் பெட்டி. நாங்கள் பார்சலில் அனுப்பினோம். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

பத்து நாள் போயிருக்கும். நர்ஸ் கூப்பிட்டார்.

"சார், பெட்டி தப்பாப் பேசுது. அண்ணி வந்திருக்காங்கன்னு தினமும் சொல்லுதாம். அண்ணன் சுத்தியலால அடிச்சு நொறுக்கிட்டான்."

"ஒருவேளை திரும்பி வந்துட்டாங்களோ?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

என்றைக்காவது அண்ணி வந்துவிடுவாள் என்ற ஆசையில் அந்த வாக்கியத்தையும் பதிவு செய்து கொடுத்தவர் அவரேதான். வீட்டில் வேலைக்கார அம்மா யாராவது இருப்பார், அவர் முகத்தைக் கேமரா அண்ணி என்று தப்பாகப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"நீங்களே நேர்ல போய் வேற பெட்டி வெச்சுட்டு வாங்க சார். அப்பா முகத்தப் பாக்காம இருக்க முடியல."

போனேன்.

வீட்டின் பக்கவாட்டில் பெரிய கார் ஷெட். வழவழவென்று பூசிய தரை. உள்ளே வண்டி இல்லை. கார் தெருவில் தூசி படிந்து நின்றது. கதவைத் திறந்த கான்ட்ராக்டர் நல்ல ஆகிருதியான மனிதர். ஆனால் கண்கள் தூங்கிப் பல நாளாகியிருந்தன.

"எத்தன பெட்டி கொண்டாந்தாலும் ஒடைப்பேன். வெச்சுட்டுக் கெளம்பு."

ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார். வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. வேலைக்கார அம்மா வேலையை விட்டு நின்று மாதக்கணக்கு ஆகிவிட்டது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க எறங்கணும்?"

"கடைசி ஸ்டாப்புங்க ஐயா."

"சில்லற வெச்சிருக்கல்ல?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். முழங்கையில் பழைய காயம் ஒன்று கன்றிப் போயிருந்தது.

பெட்டியை மேசையில் வைத்து இணைத்தேன். பழைய பெட்டியில் இருந்தவை எல்லாம் கம்பெனி சர்வரிலிருந்து தானாகவே இதில் வந்து சேர்ந்தன. திரையில் நேரம் 6.52. ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது.

"அப்பா, அண்ணி வந்திருக்காங்க."

பெட்டிதான். நர்ஸின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் யாரும் இல்லை.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "வாம்மா. எங்க போயிட்ட?"

அவர் பார்வை மெல்ல நகர்ந்தது... கதவிலிருந்து... என்னைத் தாண்டி... கட்டிலின் ஓரத்துக்கு.

"மூஞ்சியெல்லாம் என்னம்மா சிமெண்ட்டு? தொடச்சுக்கோ."

கட்டிலின் ஓரம் அமுங்கியது.

நான் பார்த்தேன். மெத்தை அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி. வெள்ளைப் போர்வையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கைத்தடம் விழுந்தது. சின்னக் கை. போர்வை தானாக மேலே ஏறி, அவர் மார்பு வரை மூடியது.



மெத்தை பழையபடி மேலே எழுந்தது.

"அப்பா, அண்ணி இப்ப அண்ணன்கிட்ட போறாங்க."

அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை.

யாரும் எழுதவில்லை.

ஹாலில் நாற்காலி சரிந்தது.

"வராத... கிட்ட வராத..."

அடுத்து பெட்டி, அதே குரலில், மிக மெதுவாகச் சொன்னது.

"அப்பா, காதப் பொத்திக்கோங்க."

பெரியவர் சமத்தாகக் காதைப் பொத்திக்கொண்டார்.

கர்ர்...

கர்ர்ர்...

தொண்டைக்குள்ளிருந்து வருகிற சத்தம். வாசல் கதவு படாரென்று திறந்தது. எதையோ இழுத்துக்கொண்டு போகிற ஓசை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது.

கான்ட்ராக்டர் ஷெட்டில் மண்டியிட்டிருந்தார்.

வெறும் கையால் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

நகங்கள் இல்லை.

என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்படியே சரிந்தார்.

மூச்சு விட வைக்கலாம் என்று விரலை உள்ளே விட்டேன்.

கல்.

தொண்டை வரைக்கும்... கல்.

ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. போலீஸ் அவர் பிறாண்டிய இடத்தை உடைத்தது. அதற்குக் கீழேதான் அந்தப் பெண் இருந்தாள். அவர் வாயிலிருந்து எடுத்த சிமெண்ட்டைச் சோதித்தவர்கள், ஷெட் தரையும் அதுவும் ஒரே கலவை, ஒரே வயது என்றார்கள். அது உறைந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும் என்றார்கள்.

நர்ஸ் அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போக வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அப்பா ஒவ்வொரு தடவையும் சொன்னாரு சார். 'மருமக கீழ தூங்குறா, எழுப்பி விடும்மா'ன்னு. நான்தான், 'சரிப்பா, எழுப்பிடலாம்'னு சமாளிச்சேன்."

மறதி நோய்க்காரர்கள் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதீர்கள் என்று எல்லோரும்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

அண்ணனுக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஒரு வாரம் கழித்து வாத்து என்னைக் கூப்பிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"டேய், போட்டோவ வெச்சு நம்ம பெட்டியில முகம் ஏத்த முடியாது. ஆள் முன்னாடி வந்து நிக்கணும். தலைய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பணும். தெரியும்ல?"

"எனக்கெப்படிடா தெரியும்? அது உன் வேலை."

"அந்தப் பொண்ணு முகம், பெட்டி போய்ச் சேர்ந்த அன்னிக்குப் பதிவாயிருக்கு."

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அது இருக்கட்டும். இதப் பாரு."

திரையைத் திருப்பினான். அடுத்த முகம். நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

என் முகம்.

முகம் பதிய நான் எந்தப் பெட்டியின் முன்னாலும் நின்றதே இல்லை.

முகத்துக்குக் கீழே உறவைக் குறிக்கிற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

சாட்சி.

பதிவான தேதியைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் நான் முதல்முதலாகக் காலடி வைப்பதற்கு ஆறு நாள் முன்பு.