பத்தொன்பது கிலோ குறைந்த கார்

என் கணவர் சவூதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். வலங்கைமானில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான் வருவதும் போவதுமாக இருந்தார்கள். மற்றவர்கள் வந்தால் வீட்டுக்கு மாடி எழுப்புவார்கள். இவர், போன லீவில் வாங்கிப் போட்டிருந்த பழைய வெள்ளைக் காரைப் பிரிக்க உட்கார்ந்தார். திருச்சிப் பக்கம் ஒரு பொட்டலில் கார் போட்டி நடக்கப் போகிறதாம். சவூதியில் பையன்கள் மணலில் கார் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை. வண்டி எடை குறைந்தால்தான் சீறிக்கொண்டு போகும் என்றார்.

சீட்டுகளைக் கழற்றி, தரையிலிருந்த கார்ப்பெட்டை உரித்தார். அதற்கு அடியில், சத்தமும் சூடும் உள்ளே வராமல் இருப்பதற்காகக் கம்பளி மாதிரி தடித்த ஒரு மெத்தை. அதைத் தூக்கியதும் அடித்த நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அறுப்புக் காலத்தில் வயலெலி புகுந்து கூடு கட்டியிருக்கிறது. உமி, புழுக்கை, மூத்திரத்தில் ஊறிக் கறுத்த பஞ்சு, நடுவில் காய்ந்து சுருண்ட மூன்று எலிக்குஞ்சுகள். அள்ளிப் போடு என்றார். நான்தான் அள்ளினேன்.

அதற்கும் கீழே தகரத்தோடு தகரமாகத் தார் அட்டை ஒட்டியிருந்தது. ஐஸ் வைத்தால் இறுகி உடைந்து வரும் என்று யாரோ சொன்னார்களாம். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து காருக்குள் கொட்டினார். செதிலும் ரத்தமும் கலந்த தண்ணீர் வாசல் முழுக்க ஓடியது. உளி சரிப்படவில்லை என்று அடுப்படிக்குள் போய் என் தோசைத் திருப்பியை எடுத்து வந்து சுரண்டினார். ஏன் அதை எடுத்தீர்கள் என்றதற்கு, கழுவிக்கொள் என்றார்.

உரித்ததையெல்லாம் சாக்கில் கட்டி, அவருடைய அண்ணன் நடத்தும் நெல் மண்டிக்கு எடை பார்க்கக் கொண்டுபோனார். சாக்கைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார். பத்தொன்பது கிலோ இருந்தது. சாக்கை இறக்கிவிட்டு, என்னைத் தராசில் ஏறச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் ஏறினேன். எழுபத்தொன்று காட்டியது.

“ரெண்டு நாளா உசுரக் குடுத்து உரிச்சது பத்தொம்பது கிலோ. இவள வீட்ல விட்டுட்டுப் போனா எழுபத்தோரு கிலோ மிச்சம்” என்றார், மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்து.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் அவர்மேல் வரும் அருவருப்பைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

போட்டியில் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டார். சீட்டுகளை மட்டும் திரும்ப மாட்டினார். மற்றவை வேண்டாம், அடுத்த போட்டிக்கு ஆகும் என்று காரை வெறும் தகரமாகவே விட்டுவிட்டார்.

அந்தக் காரில்தான் என்னைப் பெற்ற அத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவர் அப்போது இருந்த நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தா முன் சீட்டில், நான் பின்னால். அடியில் தெறிக்கும் ஒவ்வொரு கல்லும் தலைக்குள் விழுவதுபோல் இருந்தது. பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. திருவாரூர் தாண்டும்போதே தரை கொதித்தது. கால் வைக்க முடியாமல் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டேன். தரை சுடுகிறது என்று கத்தினேன். புகைக் குழாய் கீழே போகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அவரும் கத்தினார்.

அத்தாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மரத்து வருஷக்கணக்காகிறது. வண்டியில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிடுவது அவர் பழக்கம். என் காலை மடக்கிக்கொண்ட எனக்கு அவர் கால் ஞாபகம் வரவில்லை.

தஞ்சாவூரில் இறங்கும்போது செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன். வலது உள்ளங்கால் அப்பளமாக உப்பி, ஓரத்தில் தோல் கிழிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“வலிக்கலியேம்மா” என்றார் அத்தா.

என் கணவர் எட்டிப் பார்த்தார். “மாமா செருப்போட இருந்திருக்கலாம்ல” என்றார். பிறகு டேஷ்போர்டிலிருந்து ஒரு துணியை எடுத்து, அத்தா கால் இருந்த இடத்தில் தகரத்தைத் துடைத்தார். ஈரம் பட்டால் துரு பிடிக்குமாம்.

புண் ஆறவில்லை. லீவு முடிந்து அவர் போய்விட்டார். மூன்றாம் மாதம் அத்தாவின் அந்தக் காலில் சுண்டு விரலை எடுத்தார்கள். அன்று அவர் போன் செய்தபோது சொன்னேன். பிறகு, “பேட்டரி எறங்கிடப் போவுது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி” என்றார்.

மறுவாரம் பழைய இரும்பு எடுப்பவரை வரச் சொல்லிக் காரைக் கொடுத்துவிட்டேன். இழுத்துப் போகும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. மண்டியிலிருந்து அவர் அண்ணன் வந்து கத்தினார். நான் கார் நின்ற இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த லீவில் அவர் வந்தபோது சோறு போட்டேன், துணி துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். படுக்கையை மட்டும் அத்தா இருந்த அறைக்கு மாற்றிக்கொண்டேன். அப்போது அத்தா எங்களோடுதான் இருந்தார்.

“மருமவன் தெரிஞ்சா செஞ்சாரு? அவரோட பேசாம இருக்கியேம்மா” என்றார் ஒருநாள்.

“பேசிக்கிட்டுத்தான் அத்தா இருக்கேன்” என்றேன். அவர் நம்பவில்லை.