சோடாப் போத்தலில் இருந்த நீலத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்புவரை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அம்மா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய பள்ளிக்கூடத்துக்குள் அகதிகள் குடியேறினார்கள். கொஞ்ச நாளில் அம்மாவின் வீட்டாரும் வேறொரு ஊரின் பள்ளிக்கூடத்தில் குடியேறினார்கள். பிறகு யார் படித்தார்கள்? தான் ஐந்தாம் வகுப்புவரை படித்ததாக மாமா சொல்வார். அவருடைய அக்காவான அம்மாவோ, அவன் நாலாம் வகுப்புத்தான் என்பார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே, நாட்டைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வரும் கடிதங்களெல்லாம், எனக்குப் பத்து வயதாவதற்குள்ளேயே என் கைக்கு வந்துவிட்டன. பிரெஞ்சில் வாசித்து, தமிழில் சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். வீட்டில் எனக்கு இருந்த மரியாதைக்கு அளவில்லை. சில வேளைகளில் எனக்குப் பிடிக்காத வரிகளை விட்டுவிட்டு வாசிப்பதும் உண்டு. வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று என் ஆசிரியை எழுதி அனுப்பிய வரி ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குள் வந்து சேரவில்லை.

அம்மா ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். அங்கே துப்புரவு மருந்துகளின் பெயரை அவர் வாசிப்பதில்லை, நிறத்தைத்தான் பார்ப்பார். பச்சை என்றால் நிலத்துக்கு, இளஞ்சிவப்பு என்றால் கழிவறைக்கு, நீலம் என்றால் வேறு எதற்கும் அடங்காத அழுக்குக்கு. நீலத்தின்மேல் அம்மாவுக்கு ஒரு பக்தியே இருந்தது. அதன் மணம் மூக்கில் ஏறி நெற்றிவரை போகும். அப்படி ஏறினால்தான் இடம் சுத்தமானது என்பது அம்மாவின் கணக்கு. ஒருநாள் இஞ்சிச் சோடா குடித்துமுடித்த வெற்றுப் போத்தலில் அதைக் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வீட்டுக் கறிவேப்பிலையை ஒரு இணுக்கு முறிப்பதுபோலத்தான் அவர் அதை நினைத்திருப்பார். குசினிக் கழுவுதொட்டிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல் நின்றது.

பூனையைக் கொண்டுவந்தவர் மாமா. தெரு மூலையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவரின் பூனை குட்டி போட, சாம்பல் நிறத்தில் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். நாங்களெல்லாம் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட, அது மட்டும் நாள்முழுக்கச் சூடாக்கியின் மேல் படுத்துக் கிடந்ததால் அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார். அம்மாவுக்கு அது வீட்டுக்குள் இருப்பதில் சம்மதமில்லை. ஆனாலும் மீன் வெட்டும்போது தலையை அதற்கென்று தனியாக எடுத்துவைப்பார்.

கந்தசஷ்டி விரதம் தொடங்குவதற்கு முதல் நாள், ஒரு சனிக்கிழமை காலை. சாமித்தட்டில் விரித்திருந்த பட்டுத்துணியில் முதலாளி சுருண்டு படுத்திருப்பதை அம்மா கண்டுவிட்டார்.

"விரதம் பிடிக்கிற வீடோ இது, இல்லாட்டி மிருகக் காட்சிச்சாலையோ?"

"அக்கா, அதுவும் முருகனைக் கும்பிடத்தான் போயிருக்கு" என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. வீடு முழுவதையும் கழுவுவது என்று முடிவாயிற்று. நீலப் போத்தல் வெளியே வந்தது. வேலையிடத்தில் அந்த மருந்தைச் சுவரில் பூட்டிய ஓர் இயந்திரம் தண்ணீரோடு கலந்துதான் வாளியில் விடும். அது கொம்பனியின் கஞ்சத்தனம் என்று அம்மா நம்பியிருந்தார். நம் வீட்டுக்கு, அதுவும் சாமி வீட்டுக்கு, என்ன கஞ்சத்தனம்? துணியில் அப்படியே ஊற்றித் துடைத்தார். வெளியே குளிர். சூடு போய்விடும் என்று யன்னலும் திறக்கவில்லை. நாங்கள் இருமினோம். இருமலும் சுத்தத்தின் அடையாளமாகவே எனக்குப் பட்டது.

துடைத்த நிலம் காயுமுன்பே முதலாளி அதில் நடந்து திரிந்தது. பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து, தன் வழக்கப்படி நாலு பாதங்களையும் ஒவ்வொன்றாக நக்கியது. அதே நிலத்தில் அப்போதுதான் தவழப் பழகியிருந்த என் தம்பி, குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தான்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். பூனையின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. மீன்தலையை முன்னால் வைத்தபோது முகர்ந்துவிட்டு, பின்வாங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டது. மாமா வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு வெந்ததுபோலச் சிவந்திருந்தது. அவர் அன்றைக்கு வேறு பகிடி விடவில்லை.

மிருக வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசியது நான். அங்கிருந்த பெண் கேட்ட முதல் கேள்வியே, என்ன மருந்து என்பதுதான். போத்தலைப் பார்த்தேன். அதில் இஞ்சிச் சோடா என்று எழுதியிருந்தது. எந்தக் கடிதத்தையும் வாசித்துவிடும் எனக்கு வாசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பெயர் தெரியாமல் எதைக் கொடுப்பது என்று சொல்ல முடியாது, பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு பூனையோடு வாருங்கள் என்றாள். பிறகு, வீட்டில் சின்னப்பிள்ளை யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கினார். அவன் முழங்கால்கள் சிவந்திருந்தன. குளிருக்கு என்றார் மாமா. அம்மா ஈரத்துணியால் அவனைத் துடைத்து, உடுப்பை மாற்றினார். அப்பா உணவகத்தில் வேலையில் நின்றார். மாமாவின் பழைய காரில் தம்பி, துணிக்கூடையில் முதலாளி, நான், அம்மா எல்லோருமாக அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குப் போனோம்.

வழியில் எனக்கு ஒரே யோசனை. மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அம்மா மாமாவிடம் மெல்லச் சொன்னதைக் கேட்டிருந்தேன். இதைச் சமாளிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று எனக்குத் தெரியும். கார் நிற்பதற்குள் பொய்யைத் தயார் செய்துவிட்டேன்.

துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையில் மேற்பார்வையாளர் இருந்தார். ஹெயிட்டியிலிருந்து வந்தவர், பெரிய உருவம், மெல்லிய குரல். நான் என் மிகத் திறமான பிரெஞ்சில் தொடங்கினேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, அவர்கள் இதேபோல ஒரு நீல மருந்து வாங்கியிருக்கிறார்கள், அதன் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

"தண்ணீர் கலந்து பாவித்தார்களா?" என்று அவர் கேட்டார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக இன்னொன்றும் வேண்டும். "ஓம், நிறையத் தண்ணீர்" என்றேன்.

அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா நிமிர்ந்தார். தண்ணீர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அவருக்குத் தெரியும். வாளியோடு வேலை செய்பவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

"நோ" என்றார் அம்மா. "சான் ஓ." தண்ணீர் இல்லாமல். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "சே முவா. மா மேசோன். மோன் பெபே." நான்தான். என் வீடு. என் பிள்ளை.

மேற்பார்வையாளர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. அவர் சுவரில் தொங்கிய கோப்பிலிருந்து ஒரு தாளைக் கழற்றினார். அதிலிருந்த விஷமுறிவு உதவி எண்ணுக்குத் தானே அழைத்தார். மருந்தின் பெயரைச் சொல்லி, தண்ணீர் கலக்காதது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மறுமுனையில் இருந்த தாதி, தம்பியின் வாயில் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இல்லை. தோல் சிவந்திருக்கிறதா? ஓம். அப்படியென்றால் இப்போதே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் பிடியுங்கள், ஈரத்துணியால் துடைத்தது போதாது.

நான் ஓடிப்போய் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கையில் தம்பியும் மறு கையில் கூடையுமாக வந்தார். வாளி நிரப்பும் தொட்டியில் மேற்பார்வையாளர் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் திறந்துவிட, அம்மா தம்பியின் முழங்கால்களையும் கைகளையும் அதில் பிடித்தார். பதினைந்து நிமிடமும் அவன் அலறினான். கூடைக்குள் இருந்து முதலாளியும் சேர்ந்து கத்தியது. அம்மா மட்டும் அழவில்லை, மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம். காரில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொன்னனீங்கள்? நான் வடிவாத்தானே சொல்லிக்கொண்டிருந்தன்."

"நீ வடிவாத்தான் சொன்னனி, பிள்ளை" என்றார் அம்மா. "தம்பியின்ர முழங்கால் அதைக் கேக்குமோ?"

எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. என் திறமையான பிரெஞ்சை நாலு சொல்லில் பாழாக்கிவிட்டார் என்றுதான் கோபம்.

தம்பியின் சிவப்பு அடுத்த நாளே போய்விட்டது. முதலாளிக்கு நாக்குப் புண் ஆற ஒரு கிழமைக்கு மேலானது. வைத்தியர் கொடுத்த மருந்தும் கரைத்த சாப்பாடும்தான். "முதலாளியும் சஷ்டி பிடிக்கிறார், அக்கா" என்று மாமா மறுபடி தொடங்க, அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார். வேலை போகவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. லவாலில் இருந்த வேறொரு கட்டடத்துக்கு அம்மாவை மாற்றினார்கள். மெத்ரோவும் பேருந்துமாகப் போய்வர நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூடியது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுச் சட்டங்கள் மாறின. எந்த மருந்தும் அதன் சொந்தப் போத்தலைவிட்டு வெளியே வரக்கூடாது. ஒரு வாளிக்கு எத்தனை மூடி என்பதை நான் வாசித்துச் சொல்ல, அம்மா போத்தலில் மை போட்டுக் கோடு கிழித்து வைப்பார். துடைக்கும்போது எந்தக் குளிரிலும் யன்னல் திறந்திருக்கும். பிறகு வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை. நிலம் காயும்வரை தம்பியும் பூனையும் அறைக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். நாளடைவில் சவர்க்காரத் தண்ணீரே போதும் என்றாகிவிட்டது. மணமே இல்லாத வீடு எப்படிச் சுத்தமான வீடாகும் என்ற சந்தேகம் அம்மாவுக்குத் தீர இரண்டு வருடமானது. இன்று நான் ஓர் ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள்களோடு வேலை செய்கிறேன். அம்மா இன்னும் லவாலில்தான். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் எந்த நிறத்தை எந்தப் போத்தலில் ஊற்றக்கூடாது என்று காட்டிக்கொடுப்பவர் அவர்தான். அதைச் சொல்லும்போது என் பட்டத்தைச் சொல்வதைவிட எனக்கு நெஞ்சு அதிகம் நிமிர்கிறது.

ஆனால் அந்தச் சஷ்டி வாரத்தில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? விரதக் களைப்போடு, தொலைபேசியை எடுத்து அம்மா எல்லோருக்கும் கதை சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவுக்கு, லண்டனில் சின்னம்மாவுக்கு, லவாலில் இருந்த அப்பாவின் சொந்தக்காரருக்கு. நான் பக்கத்தில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"எல்லாம் மூத்தவள்தான் கதைச்சவள். என்ன பிரெஞ்சு எண்டுறியள். மருந்தின்ர பேரைக் கண்டுபிடிச்சு, தம்பியையும் பூனையையும் காப்பாத்திப்போட்டாள். எனக்கென்ன தெரியும்? நான் சும்மா பக்கத்தில நிண்டனான்."

எத்தனை பேருக்குச் சொன்னாலும் கதை அப்படியே இருந்தது. பள்ளியில் நானும் அதை அப்படியே சொன்னேன். ஆசிரியை கைதட்டச் சொல்ல, வகுப்பே கைதட்டியது. நான் எதையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் ஏதும் இருந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை.