மாமாவின் பஸ்ஸுக்கு மெட் கிளியர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போவார். அப்படி நான் போன வளவுக்குள், ஏழு வருடம் கழித்து, மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தன் வந்து சேர்ந்தான். என் சகலன். பொறாமைப்பட ஆள் தேடி நான் வேலி தாண்ட வேண்டியிருக்கவில்லை.

மாடல் செய்கிற பைத்தியம் வளவில் எனக்குத்தான் முதலில் இருந்தது. ஜீப், லொறி, ட்ரக்டர் என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற வாகனங்கள். அதைப் பார்த்துத்தான் அவனும் தொடங்கினான். இரண்டே வருடத்தில் என்னை மிஞ்சிவிட்டான், பாவி! பஸ்ஸின் பெயர்ப்பலகையில் அவன் எழுதுகிற எழுத்தை வாசிக்கலாம். என்னுடையது எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும்.

எங்கள் மாமா செங்கலடியிலிருந்து பதுளை றோட்டில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவருடைய பழைய சிவப்பு பஸ்ஸை இரண்டு மருமக்களும் ஆளுக்கொன்று செய்து பொங்கலன்று கொடுப்பதாகப் பேச்சு. முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும்.

என் பஸ்ஸுக்கு ஆவணி வெயிலிலேயே மெட் கிளியர் அடித்து முடித்துவிட்டேன். பெயின்ட்டின் மினுக்கத்தை அடக்குகிற நிறமில்லாத ஸ்ப்ரே அது. அதை அடித்தால்தான் விளையாட்டுச் சாமான் வாகனமாகத் தெரியும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளை பூத்துவிடும். முதல் ஜீப்பைப் பாழாக்கித்தான் நான் அதைப் படித்தேன். சகலனுக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாவிக் காற்றில் குசினி உப்புக்கூடக் கசிந்து கிடந்தது. அவன் பஸ்ஸையும் புது ஸ்ப்ரே டின்னையும் கொண்டுவந்து நின்றான்.

“அண்ணன், இதுக்கு முதல் நான் மெட் அடிச்சதில்ல. இண்டைக்கு அடிக்கலாமா?”

“அடி தம்பி, ஒண்டும் செய்யாது.”

கால் மணித்தியாலத்தில் சிவப்பு பஸ் சாம்பல் பூசியதுபோல வெளுத்தது. அவன் முகம் செத்துப்போனது. “ஐயோ, என்ன தம்பி இது!” என்றேன். உள்ளே எனக்கு வயிறு குளிர்ந்தது. மறைத்து என்ன?

பொங்கலன்று மாமா என் பஸ்ஸைக் கையில் எடுத்தார். “நல்லாரிக்கி மருமகன். கடையில வாங்கினது மாதிரி.” அடுத்ததை எடுத்தவர் ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இது நம்மட றோட்டுப் புழுதியெல்லோ! கரடியனாறு தாண்டினா என்ட பஸ் இப்படித்தான் இரிக்கும்.”

அது அலுமாரிக்குள் போனது. என்னுடையது பிரிட்ஜுக்கு மேல். போதாக்குறைக்கு, “அண்ணன்தான் அண்டைக்கு அடிக்கச் சொன்னவர்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் என் புகழ் பாடினான். கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது.

போன கிழமை ஒரு லொறியோடு மறுபடி வந்தான். வானம் மூடிக்கிடந்தது.

“அடிக்கட்டா அண்ணன்?”

அவன் நம்பி நின்ற நிற்பைப் பார்க்க, இந்த முறை எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“வேணாம் தம்பி. காத்துல ஈரம் இரிக்கி. வெள்ளையாப் பூத்திரும்.”

டின்னைக் குலுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“அப்ப அண்டைக்கும் ஈரம்தானே, அண்ணன்?”