ஸ்டெல்லா உடைத்த பனிக்கட்டிகள்

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் கல்லூரி அலுவலக எழுத்தர் சைக்கிளை நிறுத்தி, "ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க. விடியக்காலையில, ஆஸ்பத்திரியிலேயே" என்றார். மஞ்சள் காமாலை. நாற்பத்தொரு வயது. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இயற்பியல் துறையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. சூரியனுக்கு வெகு தொலைவில் சுற்றும் பனி உருண்டைகள் மோதிக்கொண்டால் எப்படி உடையும் என்பதே அவள் கேள்வி. சனியின் வளையங்களை விண்கலம் படமெடுத்து அனுப்பியபோது பத்திரிகையை எங்கள் முன் விரித்து, "இத்தனை துண்டும் முன்னாடி என்னவா இருந்திருக்கும், சொல்லுங்க" என்றாள். 

மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஐஸ் பார் ஒன்றை உமி மூட்டையில் பொதிந்து ரிக்‌ஷாவில் கொண்டுவருவாள். உருண்டையாகச் செதுக்கி மூன்றாவது மாடியிலிருந்து போடுவாள். திருச்சி வெயிலில் துண்டுகள் உருகுவதற்குள் ஓடி ஓடிப் பொறுக்குவோம். நான் எடை போடுவேன். கெட்டியான பனி சில்லுச் சில்லாகச் சிதறியது. நொறுக்கி அழுத்திய பனியோ, உள்ளே காற்று இடைவெளி இருந்ததால், பள்ளம் விழுந்தும் முழுசாகக் கிடந்தது. "பாருங்க, அடியை உள்ளேயே வாங்கிக்குது!" என்று குதித்தாள்.

துறைத் தலைவர் இதை 'ஐஸ்காரி வேலை' என்று சிரித்தவர். படித்துப் பார்க்கிறேன் என்று அவள் கட்டுரையை வாங்கிக்கொண்டார்; வெளியூர் மாநாட்டில் தன் பெயரில் வாசித்துவிட்டு வந்தார். அவருக்கு மாலை போட்ட கூட்டத்தில் ஸ்டெல்லா எழுந்தாள்.

"நொறுக்கின ஐஸை எப்படி சார் அழுத்தினீங்க?"

அவருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார். மறுவாரம் அவளிடமிருந்து ஆய்வகச் சாவி பறிக்கப்பட்டது. நான் அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். "நீங்களாவது பேசியிருக்கலாம்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அதன் பிறகும் அவள் நிறுத்தவில்லை. கே.கே. நகரில் தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஐஸ் உருண்டைகளைப் போட்டுப் போட்டு எழுதினாள். அச்சேற்ற ஆளில்லை.

இரங்கல் கூட்டத்தில் அதே மனிதர், "என் ஆராய்ச்சிக்கு உதவியா இருந்தவங்க" என்று பேச ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

"உதவி இல்ல சார். ஆராய்ச்சியே அவங்களோடது. எடை போட்டவ நான்."

"இரங்கல் கூட்டத்துல பேசற பேச்சா இது? உட்காருங்க மேடம்."

"உட்கார மாட்டேன் சார். கட்டுரை யாருதுன்னு சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அங்கே இருந்த சக ஆசிரியர்களே, உங்களில் பலருக்கு உண்மை தெரியும், நீங்களும் சொல்லவில்லை. நான்கூடச் சொன்னது அவள் காதில் விழாத நாளில்தான். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய கோபத்தை. அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வேன்.