லோடண்ணனின் காலி எடை

எங்கள் எடை மேடையை மத்தியான வேளையில் வந்து பார்க்க வேண்டும். வெயிலில் இரும்புத் தகடு நெளியும். தூரத்தில் வருகிற லாரிக்குச் சக்கரமே தெரியாது, மிதந்துதான் வரும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மின்விசிறி, எண் காட்டும் திரை, சீட்டு அடிக்கிற இயந்திரம், ஒரு நாற்காலி. அப்போது காலையில் அந்த நாற்காலி எனக்கு, மத்தியானத்துக்கு மேல் கூட வேலை பார்க்கிறவருக்கு. பதினாறு வருடமாக அப்படித்தான் இருந்தது. மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தால் குழிக்குள் இறங்கின மாதிரி இருக்கும்.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் லோடண்ணன். அப்போது ஆள் நூற்று நாலு கிலோ. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். நான் ஒல்லி. எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்பு எனக்கு. அந்தத் திமிரில் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்திருக்கிறேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வேலை ரொம்பச் சுலபம். சரக்கோடு வருகிற லாரியை எடை போடுவோம். சரக்கை இறக்கிவிட்டு வந்ததும் மறுபடி போடுவோம். இரண்டாவது எடைக்குக் காலி எடை என்று பெயர். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கு. அவசரத்தில் இருக்கும் டிரைவர்கள், "காலி எடைதான் வண்டிக் காகிதத்துலயே இருக்குதே, அதையே போட்டுக்குங்க" என்பார்கள். லோடண்ணனிடம் அந்தப் பாச்சா பலிக்காது. "அது வண்டி புதுசா இருந்தப்போ எடுத்தது. நடுவுல தண்ணி டேங்க் வச்சிருப்ப, தார்ப்பாய் மாத்தியிருப்ப, அடியில ஒரு மூட்டை சேறு ஒட்டியிருக்கும். பேசாம ஏத்து மேடையில" என்பார்.

அவருக்கு ஒரே தங்கை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோயின. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். மற்ற நாட்களில் சோர்ந்த முகத்தோடு லென்ஸ் தேய்ப்பாள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் விடிவு. அம்மா அப்பா இல்லை. கணவனுடைய ரத்த வகை சேரவில்லை. லோடண்ணனுக்கு எல்லாமே சேர்ந்தது, எடையைத் தவிர.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "தொண்ணூறுக்குக் கீழ வாங்க. வந்து மூணு மாசம் அங்கயே நில்லுங்க. அப்புறம் உங்க கிட்னிய எடுத்து அவங்களுக்கு வைக்கலாம். மிச்சக் காலத்தை நீங்க ஒத்தக் கிட்னியோட ஓட்டணும். அதனாலதான் சொல்றேன்."

அன்று மத்தியானம் வேலைக்கு வந்ததும் லோடண்ணன் மை பேனாவை எடுத்துக் கண்ணாடியில் பெரிதாக அறுபத்தெட்டு என்று எழுதினார்.

"என்ன அண்ணே இது?"

"கல்யாணத்தப்போ நான் இருந்த எடை. இதுதான் தம்பி என் காலி எடை. மிச்சமெல்லாம் லோடு. இறக்கிட்டா போச்சு."

இந்தத் தப்பு எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் வரும். நாள் பூராவும் பார்ப்பது அதைத்தானே? வண்டி முக்கிக்கொண்டு வருகிறது, அரை மணியில் இறக்குகிறார்கள், துள்ளிக்கொண்டு போகிறது. எனக்கும் அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது.

மறுநாளிலிருந்து வெள்ளரிக்காய், எலுமிச்சைத் தண்ணீர், முட்டையின் வெள்ளை. அவ்வளவுதான். முதல் வாரம் அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. "உடம்பு பஞ்சா இருக்கு தம்பி. நடந்தா தரை தெரியல" என்றார். மூன்றாவது வாரத்தில் கனவுகளைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கனவில் நெடுஞ்சாலை முழுக்க ரொட்டி. சூடு ஆறாத ரொட்டி. அவர் அதன் மேல் வெறுங்காலோடு நடக்கிறார். இன்னொன்றில் எடை மேடையில் அவர் ஏறி நிற்கிறார், திரையில் எண் குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகிறது, அப்புறம் அவர் மெல்ல மேலே எழும்பிக் கூரைகளைத் தாண்டிப் போகிறார், கீழே தங்கை கண்ணுக்குக் கையைக் குடை பிடித்துப் பார்க்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் கண் எங்கோ இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கிறுகிறுவென்று வந்தது.

ஐந்தாவது வாரத்தில் விழித்திருக்கும்போதே கனவு வந்துவிட்டது. மணல் லாரி வந்தால் சர்க்கரை என்பார். ஒரு நாள் லாரியின் பின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கிறபோதே எடை எடுத்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அண்ணே, பாதி மணலை வண்டி குடிச்சிருச்சா?" எல்லோரும் சிரித்தோம். லோடண்ணன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழு வாரத்தில் எண்பத்தொன்பது சொச்சம். பெல்ட்டில் ஆணியால் புதிதாக நாலு ஓட்டை போட்டிருந்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். டாக்டர் மட்டும் கொண்டாடவில்லை. "இதே எடையில மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுதவே சங்கடமாக இருக்கிறது. அவர் கொஞ்சமாகத்தான் சாப்பிட ஆரம்பித்தார். பசி அவரை விடவில்லை. முன்பு அவருக்கு இப்படிப் பசித்ததில்லை என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, என்னிடம் சொன்னார். "பாத்திரத்தை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, கை கழுவினதும் பசிக்குதுங்கறாருப்பா. எனக்கு பயமா இருக்கு." பன் கடை வாசலில் அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆசையாகத் தின்கிற முகம் இல்லை அது. தூக்கத்தில் நடக்கிறவர் முகம்.

மூன்று மாதம் முடிந்தபோது நூற்று ஏழு. போன பதினாலு கிலோவும் வந்து, கூடவே மூன்றையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் காத்திருந்த தங்கை அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டு லோடண்ணன் குழந்தை மாதிரி அழுதாராம்.

மறுநாள் கண்ணாடி அறைக்கு வந்தவர், "இனிமே வெறும் தண்ணிதான். ஒரே மாசத்துல அறுபத்தெட்டுக்கு வந்துர்றேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "ஊர் லாரிக்கெல்லாம் காகிதத்துல இருக்கிற காலி எடை செல்லாதுன்னு சண்டை போடுறீங்க. உங்களுக்கு மட்டும் இருபத்தஞ்சு வருஷத்துப் பழைய எடை செல்லுமா? டாக்டர் தொண்ணூறுதானே கேட்டாரு? அறுபத்தெட்டு எங்கிருந்து வந்துச்சு?" என்று கத்திவிட்டு, என் சட்டைக் கையாலேயே கண்ணாடியில் இருந்த எண்ணை அழித்தேன். அவர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணாடியில் இருந்த மைக் கறையை வெகு நேரம் பார்த்தார். அப்புறம், "இது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் அண்ணி அவரை இழுத்துக்கொண்டு போனார். டயட்டீஷியன் அம்மாவும் கொஞ்சம் பூசின உடம்புதான். அதிலேயே இவருக்குப் பாதி பயம் போய்விட்டதாம். "நீங்க டயட்ல இருக்கீங்கன்னு உடம்புக்குத் தெரியாது சார். பஞ்சம் வந்துருச்சுன்னுதான் நினைக்கும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். கொழுப்போட சதையும் கரையும். பஞ்சம் தீர்ந்ததும் அது சும்மா இருக்குமா? பத்து வருஷம் கழிச்சும் எதைச் செய்வீங்களோ, அதை மட்டும் இன்னிக்குச் செய்ங்க."

"அதுவரைக்கும் என் தங்கச்சி?"

"வேகமா வந்து திரும்பிப் போனீங்கன்னா அவங்க இன்னும் அதிக நாள் காத்திருக்கணும். ஒரு தடவை ஆச்சே, பார்த்தீங்கல்ல?"

அதற்கப்புறம் நடந்ததில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவுமே இல்லை. காலையில் முட்டையும் பயறும். தட்டில் பாதிக்குக் காய்கறி. பன் வாரத்துக்கு ஒன்று. அதையும் உட்கார்ந்து, ருசித்து. டீயில் சர்க்கரை பாதி. எடை பார்ப்பது வாரத்தில் ஒரே நாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டுப் படுப்பதுதான் பெரிய இடைஞ்சல் என்று தெரிந்ததும், என் காலை ஷிப்டை அவருக்குக் கொடுத்தேன். தியாகி என்று நினைக்க வேண்டாம். ஒரு மாதம் வயிறெரிந்துகொண்டுதான் கொடுத்தேன்.

ஷிப்ட் மாற்றிக்கொள்கிற அன்று பழக்க தோஷத்தில் விடியும்போதே வந்துவிட்டேன். பனி இறங்கியிருந்தது. மேடையும் அறையும் பாதிதான் தெரிந்தன. வேலியை ஒட்டி ஒரு பெரிய உருவம் வெள்ளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. லோடண்ணன் நடந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தம் மட்டும் நெருங்கி வரும், அப்புறம் ஆள் வருவார், ஒரு தலையாட்டல், மறுபடி பனி அவரை எடுத்துக்கொள்ளும். வரிசையில் நின்ற லாரிகள் முகப்பு விளக்கை ஏற்றி அவருக்கு வழி காட்டின. கிண்டல் பண்ண வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

வாரத்துக்குக் கால் கிலோ, அரை கிலோ குறையும், சில வாரம் குறையவே குறையாது. நடுவில் ஒரு விருந்துக்குப் போய் மூன்று நாள் தங்கி இரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய ஆளாக இருந்தால் போனது போச்சு என்று மொத்தமாகக் கைகழுவியிருப்பார். மறுநாள் காலையில் வழக்கம் போல முட்டையைத் தின்றுவிட்டு வேலியைச் சுற்றினார். இவர் தேறிவிடுவார் என்று அன்றுதான் நான் நம்பினேன்.

பதினாலு மாதத்தில் தொண்ணூற்று ஒன்று. இன்னும் ஒரே கிலோ. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவருடைய சிறுநீரகம் பெயர் பதிந்து வைத்த வரிசைப்படி தங்கைக்குக் கிடைத்துவிட்டது. உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

லோடண்ணன் அறைக்கு வெளியே போய் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். சிரித்தார். அழுதார். "அவ பிழைச்சா போதும் தம்பி" என்று பத்துத் தடவை சொன்னார். அது உண்மைதான். ஆனால் வேறொன்றும் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் யாருக்காகவோ பொத்திப் பொத்திச் செய்த பொருளை, வேண்டாம் என்று சொன்னால் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லோடண்ணன் நடப்பதை நிறுத்தினார். முதலில் கால் வலி என்றார். அப்புறம் மழை என்றார். அறைக்குள் பன் காகிதங்கள் தென்பட ஆரம்பித்தன. ஆறு வாரத்தில் தொண்ணூற்று ஐந்து. ஏன் நடப்பதில்லை என்று நான் கேட்டேவிட்டேன்.

"யாருக்காக நடக்கச் சொல்ற?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "உங்க உடம்புக்காக" என்று சொல்லியிருக்கலாம். அது அவர் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

தங்கையைப் பார்க்க அனுமதி கிடைத்ததும் என் பைக்கில் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் முகமூடி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. வெளிச்சம் படுகிற இடத்தில் அவள் புதிதாகத் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவ்வளவு இருக்க?"

"தொண்ணூத்தஞ்சு."

"நடக்குறது இல்லையா?"

"அதான் உனக்குக் கிடைச்சிருச்சே."

அவள் முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, இது ஆயுசுக்கும் வரும்னு யாரும் எனக்குச் சொல்லல. பத்து வருஷம் ஓடலாம், பதினஞ்சு ஓடலாம், சீக்கிரமே நின்னும் போகலாம். நின்னுச்சுன்னா நான் உன்கிட்டதான் வருவேன். எனக்கு வேற யாரு இருக்கா? அதுவரைக்கும் என்னோடதை நீதான் பத்திரமா வச்சிருக்கணும்."

லோடண்ணன் சட்டென்று தன் விலாப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் விடியும்போது நடந்தார்.

அவளுக்கு ஆபரேஷன் ஆகி இது எட்டாவது வருடம். லோடண்ணன் எடை எண்பத்தெட்டுக்கும் தொண்ணூறுக்கும் நடுவிலேயே நிற்கிறது. தங்கை நன்றாக இருக்கிறாள், கடைக்குப் போகிறாள், லென்ஸ் தேய்க்கிறாள். அவள் வந்து கேட்கிற நாள் வரவே கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். வந்தால், அவளுடையது பத்திரமாக இருக்கிறது.