அக்காவின் விரலுக்கு ஒரு பட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்சி. ஆளுயரப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி, மஸ்கெலியா பஸ்ஸின் வாசலில் நான்.

"அலுமாரியெல்லாம் ஏத்த முடியாதுங்க மிஸ்" என்றார் கண்டக்டர்.

"அலுமாரி இல்லீங்க. வீடியோ கேம்."

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது!

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் ஹட்டனில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். வகுப்பு இல்லாத நேரங்களில் நானே ஒரு கேம் செய்தேன். பெயர், 'கொழுந்து ஓட்டம்'. ஒரு பெண் கூடையோடு தேயிலை மலையில் ஏறுவாள். அட்டைக்கும் குளவிக்கும் தப்பிக் கொழுந்து பறிக்க வேண்டும். மூடுபனி இறங்குவதற்குள் கூடையை எடை போடும் நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என் அக்கா வசந்தியின் முகத்தையே வரைந்திருந்தேன். அக்கா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன்.

பெருமையோடு போனை அவள் கையில் கொடுத்தேன். திரையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினாள்... ம்ஹூம்.

பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். நுனியெல்லாம் வெடிப்பு. போனுக்கு அது விரல் என்றே தெரியவில்லை!

"எனக்கு இதெல்லாம் வராதுடி. நீயே ஆடு" என்று சிரித்தபடி போனைத் திருப்பித் தந்தாள். தந்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள் — ஏதோ குற்றம் விரலின் மேல்தான் என்பதுபோல.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொழுந்து பறிப்பவளைப் பற்றி ஒரு கேம். அதைக் கொழுந்து பறிப்பவளால் ஆட முடியாது என்றால், அது என்ன கேம்?

அன்றே முடிவு செய்துவிட்டேன். கெட்டியான பட்டன்கள், கைக்கு அடங்கும் ஒரு ஜாய்ஸ்டிக், நின்றபடி ஆடும் பெட்டி. பழைய ஆர்கேட் கடைகளில் இருக்குமே, அதுபோல ஒன்றை நானே செய்வது.

போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நானாவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு 'நானா'தான். "இதுக்கெல்லாம் இப்ப யாரு தங்கச்சி ஆசப்படுறாங்க?" என்றார். சொல்லிக்கொண்டே கொழும்பிலிருந்து பட்டன்களை வரவழைத்தார். வயரிங் அவர் வேலை. பலகை அறுப்பது என் வேலை. இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்து அறுத்தேன். கட்டைவிரல் நகம் ஒன்று போனது.

முதல் பெட்டி சிப்போர்டில். அழகாகத்தான் இருந்தது... நம் ஊர் மழை தொடங்கும்வரை. பலகை ஊறி உப்பியது. அழுத்திய பட்டன் அழுந்தியபடியே கிடந்தது.

"விட்டுருவோமா தங்கச்சி?" என்றார் நானா.

விடுவதா? எல்லாவற்றையும் பிரித்தேன். பட்டன்களைக் கழற்றித் துடைத்தேன். இந்த முறை நல்ல மரப்பலகை. உள்ளும் புறமும் வார்னிஷ். ஒவ்வொரு ஆணியும் என் கையால்.

அந்தப் பெட்டியைத்தான் பஸ்காரர் விட்டுவிட்டுப் போனார். மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு லொறியை மறித்தேன். டிரைவர் நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டார். ஆனால் லொறி தோட்டத்து ரோடு வரைதான். அதற்கு மேல், அக்காவின் வீடு இருக்கும் லயத்து வரிசைக்குச் சேறும் ஏற்றமும். அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இறங்கி வந்தார்கள்.

"என்னாடி இது, கல்யாணச் சீரா?" என்று கேட்டபடியே தூக்கினார்கள். பேச்சும் சிரிப்புமாக ஏறினார்கள். வெறுங்கையோடு நடந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது!

லயத்து வாசலில் நிறுத்திக் கரண்ட் கொடுத்தேன். திரை இருண்டே கிடந்தது. பின்பக்கத்தைத் திறந்தால், வந்த குலுக்கலில் வயர் ஒன்று கழன்றிருந்தது. செருகினேன்... வெளிச்சம்!

அக்கா தள்ளியே நின்றாள். "ஒடஞ்சிறப் போகுதுடி."

"ஒடையாதுக்கா. ஓங்கி அழுத்து."

டொக்.

திரையில் அவள் முகம் கொண்ட பெண் ஒரு கொழுந்தைப் பறித்தாள். அக்கா தன் விரலைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். டொக். டொக். அப்புறம் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. "ஓடு, ஓடு, குளவி வருது!" என்று பின்னால் நின்றவர்கள் கத்த, அக்கா ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து உடம்பையே வளைத்தாள்.

குளவி கொட்டிவிட்டது. ஆட்டம் முடிந்தது.

"ஐயோ, கூட நெறையுற நேரத்துல போச்சே!" என்று அக்கா தலையில் கைவைத்தாள்.

"விடுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மல்லிகா. "நெசத்துல கொட்டினா ஆஸ்பத்திரி. இதுல கொட்டினா மறுபடி மொதல்ல இருந்து ஆடலாம். தள்ளு, நான் ஆடுறேன்."

அக்கா தள்ளவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

இருட்டும்வரை அங்கேதான் இருந்தேன். பெட்டியை எப்போது திருப்பி எடுப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது பெட்டிக்குப் பலகை வாங்கிவிட்டேன். பின்னே... செய்தவளும் ஒரு முறை ஆட வேண்டாமா?