சோற்றுப்பானைக்கு இடம் விட்ட சைக்கிள்

ஒரேயொரு கிழமை, ஏழே ஏழு நாள், நான் சமைக்கமாட்டேன். இதற்கு ஒத்துக்கொண்டால் வாங்குங்கள் என்று சொல்லித்தான் அந்த வோன்வாகனுக்கு நான் தலையாட்டினேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. இரண்டு படுக்கை, மடிக்கிற மேசை ஒன்று, மூலையில் இரண்டு வாய் அடுப்பு. அடுப்பைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் கவனித்துவிட்டார்.

"அதை மூடியே வைப்பம். பாணும் ஜாமும் காணும். பின்னேரத்திலை கடையிலை உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கலாம். நீர் ஒண்டும் செய்யவேண்டாம்" என்றார்.

நம்பினேன். அந்த நேரம் ஜெர்மனியில் நான் காலையில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நின்றேன். பின்னேரம் இரண்டு அலுவலகங்களைத் துடைத்தேன். இடையில் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சமைத்தேன். விடுமுறை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரர் வீடு. ஒரு வருடம் பாரிஸ், ஒரு வருடம் லண்டன், பிறகு சூரிச். எந்த நகரத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் வெங்காயம் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். நாலு குடும்பம் ஒரு வீட்டில் சேர்ந்தால் ஆண்கள் அரசியல் பேசுவார்கள், பிள்ளைகள் டிவி பார்ப்பார்கள், நாங்கள் உரிப்போம்.

ஆகவே எனக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மோசல் ஆற்றங்கரையில் விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் அடிக்கிற ஒரு முகாமிடம் இருக்கிறது, ஆற்றோடு சேர்ந்தே சைக்கிள் பாதை போகிறது, ஏற்றம் இறக்கம் கிடையாது என்று என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரி சொல்லியிருந்தாள். நான் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறவள். விடியுமுன் இருட்டில், மழையில், பனியில், நேரம் பிந்திவிடுமோ என்று மிதிப்பதுதான் எனக்குத் தெரிந்த சைக்கிள் ஓட்டம். போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றும் இல்லாமல் ஒருநாள் மிதித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்காகவே பழைய சாமான் சந்தையில் ஒரு பச்சைச் சைக்கிள் வாங்கினேன். முன்னுக்குக் கூடை, ஏழு கியர். வேலைக்குப் போகிற சைக்கிளை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அதைப் பார்த்தாலே களைப்பு வரும்.

வோன்வாகனை விற்ற கிழவர் நல்ல மனுசன். முன்பக்க இழுவைக் கம்பியில் இரண்டு சைக்கிள் நிற்பாட்டலாம், காரின் கூரையில் ஒன்று கட்டலாம், பின்னுக்கும் ஒரு தாங்கி இருக்கிறது, ஆனால் அதை முடிந்தவரை பாவிக்காதீர்கள் என்றார். பாரமானதெல்லாம் நடுவில், சில்லுக்கு மேலே இருக்கவேண்டும். காரின் கொழுக்கியிலும் ஓரளவு பாரம் அழுத்தவேண்டும். குளியலறையில் ஆள் நிறை பார்க்கிற தட்டை இழுவைக் கம்பிக்குக் கீழே வைத்தே பார்த்துவிடலாம் என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றார். எங்களுக்கு மூன்று சைக்கிள்: அவருடையது, என்னுடையது, பதினைந்து வயது மகளுடையது. முன்னுக்கு இரண்டு, கூரையில் ஒன்று. கணக்குச் சரி.

கணக்கைக் கெடுத்தது தொலைபேசி. கொலோனில் இருக்கும் தன் அக்காவுடன் கதைக்காமல் இவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. வோன்வாகன் வாங்கிய சந்தோஷப் புளுகத்தில் முழுவதையும் கொட்டிவிட்டார். மச்சாள் அங்கே என்ன சொன்னா என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"ஓம் அக்கா. ஓம். அதுக்கென்ன, பக்கத்திலை கூடாரம் அடிக்கலாம். ஓம், சைக்கிளையும் நானே கொண்டுவாறன்."

வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "அத்தானும் அக்காவும் மட்டுந்தான்" என்றார்.

"ஏலாது எண்டு சொல்ல வராதோ உங்களுக்கு?"

"சொந்த அக்காவுக்கு எப்பிடியப்பா ஏலாது எண்டிறது?"

அதுதான் எங்கள் ஆட்கள். கார் கொழுக்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஒரு தம்பி எவ்வளவு தாங்குவான் என்று எதிலும் போட்டிருக்காது. எனக்கும் மச்சாளிடம் ஏலாது என்று சொல்ல வராது.

புறப்படுகிற காலையில் அவர்கள் வந்தார்கள். சிநேகிதர் ஒருவரின் சின்ன லொறியில் சைக்கிள் இரண்டு வந்தது. அதோடு ஒரு மூட்டை அரிசி, கலியாண வீட்டில் சோறு வடிக்கிற அளவில் ஒரு பானை, புட்டுக்குழல், ஒரு வாளி மா, மிளகாய்த்தூள் போத்தல்கள், பெட்டி நிறையத் தேங்காய். "பாணைத் திண்டு ஒரு கிழமை இருக்கேலுமோ, மச்சாள்? அத்தானுக்குச் சோறு இல்லாட்டில் நித்திரை வராது" என்றா. அவவுடைய காரில் சைக்கிள் கட்டக் கம்பி இல்லை, உள்ளே கூடாரமும் கதிரைகளும் நிறைந்திருந்தன. அந்தப் பானையைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குள் கரண்டி விடப்போகிறவள் நான்தான்.

இனி என் கணவர் பாரம் ஏற்றிய கதை. இவருடைய தகப்பன் ஊரில் மாட்டுவண்டி வைத்திருந்தவர். பாரம் முன்னுக்கு இறங்கினால் மாட்டின் கழுத்து நோகும் என்று சிறுவயதில் கேட்டது இவர் மண்டையில் அப்படியே இருந்தது. கிழவர் சொன்னபடி நிறைத் தட்டை வைத்துப் பார்த்தார். முன்பாரம் கொஞ்சம் கூடக் காட்டியது. "ஐயோ, கார் பாவம்" என்று அரிசி மூட்டையையும் பானையையும் தேங்காயையும் இழுத்துப் பின்சுவரோடு வைத்தார். அக்காவின் சைக்கிள் இரண்டையும் பின் தாங்கியில் மாட்டினார். பிறகு இழுவைக் கம்பியைப் பிடித்துத் தூக்கினார். அது இலேசாக எழும்பியது.

"பாரும், ஒரு கையாலை தூக்கலாம்!" அத்தான் கைதட்டாத குறை. நிறைத் தட்டை இரண்டாம்முறை ஒருவரும் வைக்கவில்லை. காருக்குக் காட்டிய இரக்கம் அது. எவ்வளவு இரக்கம் என்று யார் பார்ப்பது?

ஓட்டோபான் பெருவீதியில் சமதரையில் போனவரை ஒன்றும் தெரியவில்லை. மோசலை நெருங்கும்போது ஒரு நீண்ட இறக்கம் வருகிறது. ஒரு பெரிய லொறி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றுப் பட்டதும் வோன்வாகன் ஒருமுறை வலப்பக்கம் போனது. பிறகு இடப்பக்கம். பிறகு நாய் வாலை ஆட்டுவதுபோல் ஆடத்தொடங்கி, அதோடு எங்கள் காரின் பின்பக்கத்தையும் பிடித்து ஆட்டியது. மகள் "பப்பா!" என்று கத்தினாள். நான் மாதாவைக் கூப்பிட்டேன். இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிதியிலிருந்து காலை எடுத்து, மெல்ல மெல்ல பிரேக் பிடித்தார். பின்னால் வந்த வாகனமெல்லாம் ஹோர்ன் அடித்தது. ஒருவழியாக ஆட்டம் அடங்கியது. அடுத்த வீதியோர ஓய்விடத்தில் நிறுத்திய பிறகும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

பின்னால் தங்கள் காரில் வந்த மச்சாள் நெஞ்சில் கைவைத்தபடி இறங்கினா. பின்பாரம்தான் ஆட்டியது என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாரும் சேர்ந்து பின் தாங்கியைக் காலியாக்கினோம். அரிசியும் பானையும் நடுவுக்கு வந்தன. சைக்கிள் ஒன்றைப் படுக்கைக்கும் மேசைக்கும் இடையில் சரித்துவிட்டோம். அதற்கு மேல் உள்ளே இடமில்லை. ஒரு சைக்கிள் வெளியே மிஞ்சிவிட்டது.

"அரிசியையும் பானையையும் எடுத்தால் மற்றதையும் வைக்கலாம்" என்றேன். "அரிசி அங்கை கடையிலையும் விக்கும்."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு ஞாபகம். "சோத்துப்பானையை நடு றோட்டிலை விடுறதோ, மச்சாள்?"

இவர் முன்பக்கம் போனார். இழுவைக் கம்பியிலிருந்த இரண்டு சைக்கிளையும் பார்த்தார். பிறகு என்னுடைய பச்சைச் சைக்கிளை அவிழ்த்தார். அந்த இடத்தில் அக்காவின் சைக்கிளை ஏற்றினார்.

"நீர் எப்பிடியும் பெரிசா ஓடமாட்டீர்தானே. சமையல் அலுவலோடை நேரம் போயிடும்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தண்ணீர் ஈரம் என்று சொல்வதுபோல் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது. ஓய்விடத்தின் பின்வேலியில் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். "திரும்பி வரேக்கை எடுப்பம்."

மோசல் அழகான ஆறு. நான் அதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். காலையில் நாலுபேரும் சைக்கிளில் போவார்கள். மத்தியானம் பசியோடு வருவார்கள். இரண்டாம் நாளே பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன் குடும்பம் மணம் பிடித்து எட்டிப் பார்த்தது. இவர் "வாங்கோ வாங்கோ" என்று தமிழிலேயே கூப்பிட்டார். அவர்கள் சொந்தக் கதிரையோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, இவ்வளவு பேருக்கு இப்படிச் சமைக்க உங்களுக்கு எவ்வளவு பிரியம் இருக்கவேண்டும் என்றாள். நான் சிரித்தேன். வேலையிடத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு.

நாலாம் நாள் மகள் போகாமல் நின்றாள். "அம்மா, என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கோ. நான் பருப்பைப் பாக்கிறன்" என்றாள். அவள் என்னைவிட உயரம். இருக்கையை இறக்க முயன்றோம், திருகு இறுகிப்போயிருந்தது. நுனிக்காலால் மிதித்து முகாமின் வாசல்வரை போனேன். ஆற்றுப்பாதை அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சத் தூரம் போயிருப்பேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த உயரத்தில் என்னால் ஏலவில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். வரும்போது பருப்பு அடிப்பிடித்த மணம் வாசலிலேயே தெரிந்தது. மகள் அழுகிறமாதிரி நின்றாள். "பரவாயில்லையடா" என்று சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தேன். உண்மையில் எனக்குத்தான் அழுகை வந்தது.

கடைசி நாள் புறப்பட்டபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அரிசி முடிந்துவிட்டது. பின்னுக்குப் பாரம் இல்லை. வோன்வாகன் ஒழுங்காக வந்தது. சைக்கிளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை றைன் ஆற்றங்கரையில் மிதிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு திறப்பைக் கையில் வைத்திருந்தேன். ஏற்றத்தில் போகும்போது மகள்தான் முதலில் கண்டாள்.

"அம்மா, அங்கை!"

அந்த ஓய்விடம் ரோட்டின் மற்றப் பக்கத்தில் இருந்தது. போகும்போது நின்ற இடம், போகிற பக்கத்தில். நாங்கள் இப்போது வருகிற பக்கத்தில். நடுவில் இரும்புத் தடுப்பு, இரண்டு பக்கமும் பாய்கிற வாகனம். பதினைந்து வருடமாக இந்த நாட்டில் கார் ஓடுகிற மனுசனும், அக்காவும், அத்தானும், நானும், ஒருவரும் இதை யோசிக்கவில்லை. வேலியில் பச்சை நிறம் ஒரு கணம் தெரிந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. கூடைகூட அப்படியே இருந்தது.

இவர் வேகத்தைக் குறைத்தார். "றோட்டின்ரை அடுத்த வெளிவாசலாலை இறங்கித் திரும்பி, இறக்கத்திலை போய் எடுத்து, பிறகு கீழை திரும்பி வரலாம். வோன்வாகனோடை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை எடுக்கும். என்ன செய்வம்? சொல்லும்" என்றார்.

அவர் கண் சிவந்திருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அடுத்தநாள் விடியற்காலையில் வேலை. வீட்டுக்குப் போனதும் ஒரு கிழமை உடுப்புத் தோய்க்கவேண்டும், இரவுக்கு ஏதாவது வைக்கவேண்டும். இதையெல்லாம் மனதில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

"விடுங்கோ. நாளைக்கு எனக்கு வேலை" என்றேன்.

இன்னொருமுறை கேட்பார் என்று இருந்தேன். ஒருமுறை கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டு மிதியை அழுத்தினார்.